காலடி பயில எது ஏற்றது: தாய் சி, ஷிங்யி, பாகுவா

நான்கு ஆண்டுகள் தாய் சி பயின்ற பின்னர், காலடியை, அதாவது அடி வைத்து நகரும் முறையை, செம்மையாகக் கற்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்துடன் பாகுவாவுக்கு மாறினேன். இடையில் ஏழு மாதங்கள் ஷிங்யியும் பயின்றேன். பாகுவாவின் வட்ட நடையைத் தொடங்கி இப்போது மூன்று ஆண்டுகள் நிறைவடைகின்றன. சீனத்தின் அகமுறைத் தற்காப்புக் கலைகள் என்று ஒன்றாகச் சேர்த்துச் சொல்லப்படும் இம்மூன்றில் எதிலிருந்து காலடியைத் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் வட்ட நடையையே பரிந்துரைக்கிறேன். நிமிர்ந்த முதுகு, தாழ்ந்த தோள், இயல்பான மூச்சு ஆகியவை மூன்றுக்கும் பொதுவானவை என்பதால் அவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

தாய் சியில் அடி வைப்பது பூனையின் நடையைப் போல இருக்க வேண்டும் என்பார்கள். எடை முழுவதையும் ஒரு காலில் தாங்கிக்கொண்டு, வெற்றுக் காலை மெல்ல நீட்டி, குதிகாலைத் தரையில் வைத்து, அதன் பிறகே எடையை மாற்ற வேண்டும். எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை இவ்வளவு நுட்பமாக உணர வைக்கும் பயிற்சி வேறில்லை என்றே நினைக்கிறேன். ஆயினும், 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை தொகுத்த 24 அசைவு வரிசையைத்தான் பெரும்பாலானோர் முதலில் கற்கிறார்கள். நானும் அவ்வாறே கற்றேன். அந்த வரிசையை மனத்தில் நிறுத்துவதிலும் கைகளின் போக்கைப் பின்தொடர்வதிலும் முதல் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. கைகள் போக வேண்டிய இடத்திற்கு உடலைக் கொண்டு சேர்ப்பது மட்டுமே அதுவரை கால்களின் வேலையாக இருந்தது.

ஷிங்யி நேர்கோட்டில் நடக்கும் கலை. எடையில் பெரும்பகுதியைப் பின்காலில் வைத்து நிற்கும் சான்டி நிலையிலிருந்து முன்கால் பாய, பின்கால் அதைத் தொடர்ந்து இழுபட்டு வந்து நிற்கும். இந்த அரையடிப் பாய்ச்சலோடு இணைந்த நேர்குத்தினால்தான் ஷிங்யி ஆசிரியர் குவோ யுன்ஷென் பெரும் புகழ் பெற்றார். பாதமும் முழங்காலும் கையும் ஒரே திசையை நோக்கியிருப்பதால் தொடங்குபவருக்குக் குழப்பம் குறைவு. ஆனால் ஏழு மாதப் பழக்கத்தை வைத்து அதன் ஆழத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. முன்னும் பின்னும் நகரக் கற்றேன், பக்கவாட்டில் விலகவும் திரும்பவும் கற்கும் நிலைக்கு வரவில்லை என்று மட்டுமே சொல்ல முடியும்.

பாகுவாவில் நடையே பாடம். 19ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்கில் கற்பித்து 1882இல் மறைந்த, பாகுவாவைத் தோற்றுவித்தவராகக் கருதப்படும் டோங் ஹைச்சுவானிடம் வந்த மாணவர்களில் பலர் ஏற்கெனவே வேறு கலைகளில் தேறியவர்கள். அவர்களில் ஒருவரான, மூக்குக் கண்ணாடிக் கடை நடத்திய செங் டிங்ஹுவா மல்யுத்தம் கற்றவர். அவரவர் கைத்திறனுக்கு ஏற்ப உள்ளங்கை வீச்சுகள் வேறுபட்டாலும், எல்லோருக்கும் பொதுவாக அமைந்தது வட்டத்தில் நடப்பதுதான். உழுத சேற்று வயலில் வழுக்கிவிடாமல் அடி வைப்பவரைப் போல, பாதத்தைத் தரைக்கு இணையாக, மிகச் சிறிதே உயர்த்தி முன்னே செலுத்த வேண்டும். வெளிக்கால் உட்புறம் வளைந்து இறங்குவதைக் கொக்கியடி என்றும், உட்கால் வெளிப்புறம் விரிந்து இறங்குவதை விரியடி என்றும் நான் தமிழில் குறித்துவைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்ய எதுவும் இல்லாததால் முதல் நாளிலிருந்தே கவனம் முழுவதும் பாதத்திற்குச் செல்கிறது.

இவ்வளவும் வசதி சார்ந்த வேறுபாடுகள்தான். என் முடிவைத் தீர்மானித்தது முழங்கால்.

தாய் சியின் நான்காம் ஆண்டில் என் வலது முழங்காலின் உட்புறத்தில் வலி தொடங்கியது. தாழ்ந்து நிற்பதே தேர்ச்சி என்று எங்கள் வகுப்பில் கருதப்பட்டது. நானும் அதை நம்பினேன். இடுப்பு மூட்டு பந்துக் கிண்ண அமைப்புடையது என்பதால் எத்திசையிலும் சுழலும். முழங்காலோ பெரும்பாலும் கதவுக் கீலைப் போல மடங்கி நீள்வதற்கே அமைந்தது. மடங்கிய நிலையில் சிறிதளவே திரும்பும். எடை ஏறிய பாதம் தரையில் பதிந்திருக்க, மேலே தொடை திரும்பினால், அந்தத் திருகலை உள்ளிருக்கும் குருத்தெலும்பும் தசைநார்களும் ஏற்க நேர்கிறது. 24 அசைவு வரிசையில் ஓரடியிலிருந்து அடுத்த அடிக்குச் செல்லும்போது, பின்காலில் நன்றாக அமர்ந்து முன்காலை வெறுமையாக்கிய பின்னரே அதன் பாதத்தைத் திருப்ப வேண்டும். நான் பாதி எடை முன்காலில் இருக்கும்போதே திருப்பிக்கொண்டிருந்தேன். உடல் முழுவதும் பின்புறம் திரும்பும் 21ஆம் அசைவில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். பிழை என்னுடையதே, ஆனால் நீண்ட ஆடையும் மெதுவான ஓட்டமும் அதை மறைத்துவிட்டன, வலி வந்த பிறகே அது தெரிந்தது.

வட்ட நடையில் திரும்புதல் காற்றிலேயே நிகழ்கிறது. எடையில்லாத கால் இடுப்பிலிருந்து திரும்பி, திரும்பிய நிலையில் தரையிறங்குகிறது. எடை அதன் பிறகே வந்து சேர்கிறது. மேலும், திருப்பம் அடிகளுக்கிடையே பகிர்ந்தளிக்கப்படுகிறது. எட்டு அடிகளில் ஒரு வட்டம் முடிந்தால் அடிக்கு 45 பாகை. பதினாறு அடிகளில் முடிந்தால் 22.5 பாகை மட்டுமே. என் அடி ஏறத்தாழ அரை மீட்டர் என்பதால், பதினாறு அடிக்கு இரண்டரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்துகொண்டேன். பாதம் போதிய அளவு வளையாவிட்டால் கோட்டைவிட்டு வெளியே செல்வேன், மிகையாக வளைத்தால் உள்ளே சாய்வேன். ஆசிரியர் அருகில் இல்லாத காலை வேளைகளிலும் பிழையை அந்தக் கோடே காட்டிக்கொடுத்தது.

இதனால் பாகுவா முழங்காலுக்குத் தீங்கற்றது என்று கொள்ளக் கூடாது. உயர்ந்த, நடு, தாழ்ந்த என்று மூன்று உயரங்களில் நடக்கும் மரபு உண்டு. தொடக்கத்திலேயே தாழ்ந்து, சிறிய வட்டத்தில் கொக்கியடியை வலிந்து வளைத்தால் தாய் சியைவிட விரைவில் முழங்கால் கெடும். எடை ஏறும்போது முழங்கால் சில்லு இரண்டாம் கால்விரலின் திசையில் இருக்கிறதா என்பதை ஒவ்வோர் அடியிலும் நான் பார்த்துக்கொள்கிறேன். இருபது நிமிடங்கள், இடவலமாகவும் வலமிடமாகவும் சம அளவில், உயர்ந்த நிலையில் மட்டும் நடக்கிறேன், வலி குறைந்திருக்கிறது. தாழ்ந்த நடையை நான் முயன்றதில்லை.

தாய் சியை விட மனமில்லாதவர்கள் சுன் லூதாங் வகுத்த முறையைப் பார்க்கலாம். குவோ யுன்ஷெனிடம் ஷிங்யியும் செங் டிங்ஹுவாவிடம் பாகுவாவும் கற்று, பிற்காலத்தில் ஹாவ் வெய்ஜெனிடம் தாய் சி கற்ற அவர், ஒரு கால் முன்செல்ல மறுகால் தொடர்ந்துவரும் நடையைத் தம் தாய் சிக்குள் சேர்த்தார். அதில் நிலைகள் உயரமானவை, அடிகள் குறுகியவை. மூட்டுவாதம் உள்ளவர்களுக்காக வகுக்கப்பட்ட சில தாய் சிப் பயிற்சிகள் இந்த முறையைத் தழுவியவை. சில வகுப்புகளுக்கு மட்டுமே சென்றிருப்பதால், இதனைப் பாகுவாவோடு நேரடியாக ஒப்பிட என்னால் இயலாது.

பயிற்சிக்குக் குறுகலான நீண்ட தாழ்வாரம் மட்டுமே வாய்த்தவர்களுக்கு ஷிங்யிதான் பொருந்தும். இரண்டரை மீட்டர் வட்டத்தை அங்கே வரைய முடியாது, அதற்காக வட்டத்தைச் சுருக்கி நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.