"என் அம்மா பின்னியது" என்றாள். 185 பவுண் போனது

நேற்றுக் காலை பார்சலைப் பிரித்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பழைய உடுப்புகளை ஆளுக்கு ஆள் விற்கும் ஒரு செயலியில் 185 பவுண் ஏமாந்திருக்கிறேன். இதே பழைய உடுப்புப் பைத்தியம் பிடித்தவர்கள் இன்னும் சிலர் இருப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

1985. லண்டனுக்கு வந்து ஓராண்டு, எனக்குப் பதினான்கு வயது. வகுப்பில் 'ஜாக்கி' இதழ் மேசைக்கு அடியால் கைமாறும். டண்டீ நகரத்துப் பதிப்பகம் 1964 முதல் 1993 வரை வாரந்தோறும் வெளியிட்ட, பதின்வயதுப் பெண்களுக்கான இதழ் அது. மற்றவர்கள் காதல் படக்கதைக்குப் பாய்வார்கள். நான் உடுப்புப் பக்கத்தில் நின்றுவிடுவேன். இளஞ்சிவப்பில் மஞ்சளும் மயில்நீலமும் கட்டம் கட்டமாக ஒரு மொஹேர் ஜம்பர், அதாவது அங்கோரா ஆட்டு மயிரில் பின்னிய ஸ்வெட்டர். வௌவால் சிறகு போல அகன்ற கைகள். வெளிச்சம் படும் ஓரமெல்லாம் புகை போல மயிர். எனக்கு அம்மா வாங்கித் தந்ததோ சாம்பல் நிறப் பள்ளிக் கார்டிகன், வளர்ந்தாலும் போடலாமென்று இரண்டு அளவு பெரிதாக.

போன மாதம் அந்தச் செயலியில் அதே நிறங்களில் ஒன்றைக் கண்டேன். விற்பவளுக்கு எழுதும்போது மேலே சொன்ன கதை முழுவதையும் கொட்டிவிட்டேன். அரை மணி நேரத்தில் பதில்: "என்ன ஆச்சரியம்! என் அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எனக்கு இதைப் பின்னினார்." கண் கலங்கிவிட்டது. தூண்டிலுக்கு இரையை நானே கோத்துக் கொடுத்தது அப்போது உறைக்கவில்லை.

ஜம்பர் 150, ஆறு பழைய 'ஜாக்கி' இதழ்கள் 45. செயலிக்கு வெளியே வங்கிக் கணக்கில் போட்டால் 10 பவுண் குறைப்பாளாம். இளவரசி டயானா அணிந்த, செம்மறியாட்டு உருவங்கள் பின்னிய சிவப்பு ஸ்வெட்டர் 2023இல் நியூயார்க் ஏலத்தில் 11 லட்சம் டாலருக்கு மேல் போனதே, 185 என்ன பெரிது என்று மனம் நியாயம் பேசியது. போட்டேன்.

வந்தது புத்தம்புது இயந்திரப் பின்னல். தயாரிப்பாளர் பெயர்ப் பட்டி வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. தையலோரம் தொழிற்சாலை ஓவர்லாக், இயந்திரம் ஓரத்தைச் சுற்றிப் போடும் தையல். ஓர் இழையை உருவிக் கொளுத்தினேன். மொஹேர் என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வந்து சாம்பலாக உதிரும். இது உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. சுத்த அக்ரிலிக், செயற்கை நூல். இதழ்களோ வண்ண நகல்கள்: நடுவில் மடிப்புக் கோடு தெரிகிறது, விரலால் தடவினால் மடிப்பே இல்லை!

கேட்டதற்கு, "பழைய கம்பளி அப்படித்தான்" என்றாள். அடுத்து, அம்மாவுக்குச் சுகமில்லை என்றாள். பிறகு கணக்கையே காணோம். செயலிக்காரர்கள் மூன்று முறை ஒரே பதிலை அனுப்பினார்கள்: பணம் எங்கள் வழியாக வரவில்லை, பொறுமைக்கு நன்றி. யார் பொறுமையாக இருந்தது? வங்கிப் பரிமாற்ற மோசடிக்கு வங்கியே ஈடு செய்யும் விதி பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் இருக்கிறதே என்று வங்கியிடம் கேட்டேன். பொருள் வந்து சேர்ந்ததால் இது மோசடி அல்ல, உங்கள் இருவருக்குமான தகராறு என்றார்கள். 185 பவுண், தகராறாம்.

இன்று காலை அதே படம், வேறு பெயரில். இம்முறை "என் அத்தை பின்னியது".

எதைப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. செயலிக்கு வெளியே ஒரு பென்னி கூடக் கொடுக்காதீர்கள். உட்புறத் தையலின் படத்தைக் கேளுங்கள். உங்கள் கதையை விற்பவரிடம் சொல்லவே சொல்லாதீர்கள். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்; வங்கியைத் தொலைபேசியில் பிடித்து வைத்திருக்கிறேன், இருபது நிமிடமாக இசைதான் ஓடுகிறது.