வழி தவறி வந்த நாய்: கேட்டு வந்தவரிடம் கொடுப்பதா, நாமே வைத்துக்கொள்வதா?

நீலகிரி மலையில், கேத்தி ரயில் நிலையத்துக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்தில் நனைந்து நின்றுகொண்டிருந்தது அந்த நாய். நவம்பர் மாதம், நான்கு நாளாக விடாத மழை. உடம்பெல்லாம் கறுப்பு, மார்பில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. கழுத்தில் அறுந்த சங்கிலி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. சாக்கில் சுற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தோம். மூன்றாவது வாரம் கேரட் தோட்டக்காரர் ஒருவர் வந்து, அது தன் நாய் என்றார். அடுத்த வாரம் பங்களாக் காவலாளி ஒருவர் வந்து, அது தோட்டக்காரருடையதே இல்லை, எங்கள் பங்களாவில் பிறந்த குட்டி என்றார். இன்று அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நான் வைத்துக்கொள்ளும் பக்கம் சாய்ந்தவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மீண்டும் தெருவில் விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். சமவெளி ஊரில் தெரு நாய்க்கு நாலு வீட்டுச் சோறும் படுக்க ஒரு திண்ணையும் கிடைத்துவிடும். எங்கள் மலையில் இரவு ஏழு மணிக்கு மேல் தெரு சிறுத்தையினுடையது. அதனால் அந்த வழியைப் பற்றி மேலே பேச எனக்கு ஒன்றும் இல்லை.

காப்பகத்தில் சேர்ப்பது நல்ல வழிதான், ஆனால் இந்த நாய்க்கு உரியதல்ல. மசினகுடி அருகே மாவனல்லாவில் உள்ள காப்பகம் போன்ற இடங்கள், அடிபட்ட கழுதைக்கும் ஆளில்லாத நாய்க்கும் கடைசிப் புகலிடம். உடம்பில் குறையில்லாத, இரண்டு பேர் உரிமை கேட்கும் ஒரு நாயை அங்கே கொண்டுபோய் விடுவது, நம் சங்கடத்தை அவர்கள் தலையில் வைப்பது. காவல் நிலையத்தில் எழுத்தில் தகவல் கொடுப்பது மட்டும் அவசியம். நாயை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாது என்றாலும், ஒளிக்கவில்லை என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சி.

ஆக, போட்டி இரண்டு வழிகளுக்குள்தான்.

கொடுத்துவிடுவதன் பக்கம் உள்ள நியாயம் பெரிது. சட்டத்தின் பார்வையில் நாய் ஓர் உடைமை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு, ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குள்ள அதே கடமை உண்டு என்கிறது. உடைமைக்காரர் யார் என்று தெரிந்தும், அல்லது தேடிப் பார்க்காமலேயே, நேர்மையின்றித் தனதாக்கிக்கொண்டால் அது குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 314ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 'நான்தானே சோறு போட்டேன்' என்பது உரிமை ஆகாது. மளிகைக் கடையிலும் பால் சொசைட்டியிலும் தாள் ஒட்டியதும், நாயின் படத்தைக் காட்டி லாரி ஓட்டுநர்களிடம் விசாரித்ததும் அதனால்தான்.

கேட்டு வருபவர் உண்மையில் உரியவர்தானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறதா பார் என்பார்கள். அந்தச் சோதனையை நம்பாதீர்கள். பசித்த நாய் பிஸ்கட் பொட்டலத்தின் சத்தத்துக்கே வரும்; அடி வாங்கிய நாய் சொந்தக்காரரைக் கண்டாலே பதுங்கும். நாயைக் காட்டுவதற்கு முன்பே அடையாளம் கேளுங்கள். தோட்டக்காரர் வாசலில் நின்றபடியே, வலது பின்னங்காலின் உட்புறத்தில் கூடுதலாக ஒரு நகம் இருக்கும் என்றார். இருந்தது. தாளில் நாங்கள் போட்ட படத்தில் அது தெரியவே தெரியாது. காவலாளி கைப்பேசியில் ஒரு படம் காட்டினார்: தாய் நாயோடு நான்கு குட்டிகள், அதில் ஒன்று கறுப்பு, மார்பில் வெள்ளை. அதுவும் பொய்யில்லை. பங்களாவில் பிறந்த குட்டி தோட்டத்துக்குப் போயிருக்கிறது. கொடுத்துவிட்டார்களா, வளர்க்கச் சொல்லித் தந்தார்களா என்பதுதான் தகராறு. எழுத்து ஒன்றும் கிடையாது. தடுப்பூசி அட்டை இரண்டு பேரிடமும் இல்லை. தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லும் (மைக்ரோசிப்) இல்லை. கால்நடை மருத்துவர் கருவியை வைத்துப் பார்த்தார். காதில் முக்கோண வெட்டும் இல்லை. அது இருந்தால் கருத்தடை செய்து விடப்பட்ட தெரு நாய் என்று எண்ணலாம். பேச்சு வேறு திசையில் போயிருக்கும்.

உரிமை தெளிவாகும் வரை எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. வெறிநோய்த் தடுப்பூசியை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். 1907இல் பக்கத்துக் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டதே இந்த நோய்க்காகத்தான். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடற்புழு மருந்தும் கொடுக்கலாம். ஆனால் கருத்தடை செய்யாதீர்கள். செய்ததைத் திருப்ப முடியாது. அந்த முடிவு உரியவருடையது. தகராறு தீரும் வரை நாங்கள் காத்திருந்தோம்.

செலவுக் கணக்கையும் சொல்ல வேண்டும். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 168ஆம் பிரிவு, பொருளைக் காக்கவும் உரியவரைத் தேடவும் செய்த செலவு கைக்கு வரும் வரை அதைக் கொடுக்காமல் வைத்திருக்கக் கண்டெடுத்தவருக்கு இடம் தருகிறது. வழக்குப் போட்டு அந்தப் பணத்தைக் கேட்க முடியாது. வைத்திருக்க மட்டும் முடியும். மருந்துச் சீட்டுகளை நீட்டினால் தோட்டக்காரர் பேசாமல் போய்விடுவார் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குத்தகை நிலத்தில் கேரட் போடும் மனிதரிடம், அவரால் கட்ட முடியாத தொகையைக் காட்டி நாயைப் பிடுங்குவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கலாம், என் மனத்தில் இல்லை. சீட்டுகளை நான் வெளியே எடுக்கவேயில்லை.

பின் எதை வைத்து முடிவு செய்தேன்? இரண்டு பேரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இரவில் இது எங்கே படுக்கும்?

மற்ற எல்லாவற்றையும் மலையில் எப்படியோ சமாளிக்கலாம். சோறு யார் போட்டாலும் சோறுதான். அன்பு யாரிடம் கூடுதல் என்று அளக்க முடியாது. ஆனால் எங்கள் ஊரில் நாய்கள் சாவது பெரும்பாலும் இரவில், கட்டிய இடத்தில். சிறுத்தைக்கு நாய் எளிய இரை. மான் ஓடிவிடும், காட்டுப்பன்றி திருப்பித் தாக்கும். கட்டிப்போட்ட நாயால் இரண்டும் முடியாது. அது குரைப்பதே அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். போன வருடம் எங்கள் வளைவுக்கு மேல் வீட்டில், காலையில் தூணில் சங்கிலி இருந்தது, சங்கிலி நுனியில் கழுத்துப் பட்டை இருந்தது, நாய் இல்லை. முள் வைத்த பட்டை கழுத்தைக் கொஞ்சம் காக்கலாம். ஓட இடம் தராது.

தோட்டக்காரர் மறைக்காமல் சொன்னார்: தோட்டத்துக் கொட்டகையின் காலில் கட்டுவேன், பன்றி வந்தால் குரைக்க வேண்டும், அதற்காகத்தானே நாய். அவர் சொன்னதில் கொடுமை ஒன்றும் இல்லை. விளையும் தறுவாயில் ஒரே இரவில் காட்டுப்பன்றி பாத்தியைக் கிளறிப் போட்டால் அந்தக் குடும்பத்தின் அந்தப் போகமே போச்சு. காவலாளி, போர்ட்டிகோவில் படுக்கும், சுற்றிலும் ஐந்தடிச் சுவர் இருக்கிறது என்றார். ஐந்தடிச் சுவர் சிறுத்தைக்கு ஒரு படிக்கட்டு. அதற்கு மேல், பங்களா உரிமையாளர்கள் சீசனுக்கு மட்டும் கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்கள். மற்ற மாதங்களில் காவலாளியும் மாலையில் தொழிலாளர் குடியிருப்பிலுள்ள தன் லைன் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

எங்கள் வீட்டில் அது சமையலறையில், விறகடுப்புக்கு அருகே பலகை மேல் படுக்கிறது. கதவுக்கு உள்தாழ்ப்பாள். என் கணவர் அருவங்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வரும்போது மட்டும் கதவு திறக்கும். ஜனவரியில், பள்ளத்தாக்கில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்த நாட்களில், ஓர் இரவு இரண்டு மணி இருக்கும். நாய் எழுந்து நின்றது. குரைக்கவில்லை. காது இரண்டும் பின்பக்கம் ஒட்டிக்கொள்ள, வயிறு தரையில் உரசத் தவழ்ந்து வந்து என் கட்டிலுக்கடியில் புகுந்தது. உடம்பு நடுங்குவது கட்டில் சட்டத்தில் தெரிந்தது. காலையில் குழாயடிச் சேற்றில் தடம் பார்த்தேன். வட்டமான தடம், நான்கு விரல், நகக் கீறல் இல்லை. நாயின் தடத்தில் நகம் பதியும். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது வாசற்படிக்கு ஆறடி தள்ளி நின்று திரும்பிப் போயிருந்தது. அன்றைக்கு இந்த நாய் கொட்டகைக் காலில் இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை.

அந்தத் தடத்தைப் படம் எடுத்துத் தோட்டக்காரரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு, 'நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, ஆனால் நான் வந்தால் பார்க்க விட வேண்டும்' என்றார். காவலாளி பங்களா உரிமையாளரிடம் தொலைபேசியில் கேட்டார். அவருக்குத் தன்னிடம் அப்படி ஒரு நாய் இருந்ததே சரியாக நினைவில்லை. மூவரும் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளுடன் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். தேதி, நாயின் அடையாளம், மனம் ஒப்பிக் கொடுத்தது என்ற ஒரு வரி, அவ்வளவுதான். பணம் கைமாறவில்லை. இந்தத் தாள் இல்லாமல் வைத்துக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வாய்ப்பேச்சில் முடித்தால் ஆறு மாதம் கழித்து மறுபடியும் வாசலில் ஆள் நிற்கும்.

என் அனுபவம் ஒரே ஒரு நாயோடு நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விலை கொடுத்து வாங்கிய சாதி நாய் என்றால் ரசீது பேசும், அங்கே என் கேள்விக்கு அவ்வளவு எடை இருக்காது. எதிர்த் தரப்பில் அழுதுகொண்டு ஒரு குழந்தை நின்றிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொடுத்திருப்பேன் என்றே நினைக்கிறேன். தோட்டக்காரர் அன்றே, இரவில் உள்ளே விடுகிறேன் என்று சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதைக் குற்றம் என்கிறது. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியது சட்டம் இல்லை, வேறு வழி.

ஏனென்றால் என் முடிவில் ஒரு குறை இருக்கிறது. பன்றி வருவது நிற்கவில்லை. மார்ச் மாதமே அவர் தோட்டத்தில் இன்னொரு நாய் கட்டியாகிவிட்டது. பழுப்பு நிறம், ஒரு வயதுகூட இருக்காது. ஒரு நாயைக் காப்பாற்றி இன்னொன்றை அதே கொட்டகைக் காலுக்கு அனுப்பிவிட்டேனோ என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கிறது. போன மாதம் என் கணவரும் அவரும் சேர்ந்து கொட்டகை ஓரத்தில் நாய்க்கு ஒரு கூண்டு அடித்தார்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பலகை, நாலு பக்கமும் கம்பி வலை, மேலே தகரம். மேற்பக்கம் திறந்திருந்தால் சிறுத்தை ஏறி இறங்கிவிடும் என்பதால் தகரத்துக்கடியிலும் வலை. உள்ளே இருந்து குரைக்கலாம், பன்றிக்கும் கேட்கும். கதவு வைத்தாகிவிட்டது, தாழ்ப்பாள்தான் இன்னும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊட்டிச் சந்தைக்குப் போகும்போது வாங்கி வருவதாகத் தோட்டக்காரர் சொல்லியிருக்கிறார். அதுவரை கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார்.