ஓடுபாதைப் பணிக்கு ஆம்பூர் பக்கத்து சேஃப்டி ஷூ: வாங்கலாமா?

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தைக்கும் சேஃப்டி ஷூவை விமான நிலையத் தரைப் பணிக்கு வாங்குகிறவர்கள் முதலில் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். நாங்கள் பார்த்த ஜோடியில் பள்ளங்கள் ஆழமாக, நெருக்கமாக இருக்கின்றன. கட்டட வேலைக்கு நல்லதுதான், ஓடுபாதைக்கு ஆகவே ஆகாது. வெளியே மிதித்த சரளைக்கல் அதில் சிக்கிக்கொண்டு விமானம் நிற்கும் தளம் வரை வந்துவிடும். இன்ஜின் அதை உறிஞ்சினால் விசிறித் தகடு அடிவாங்கும். 2000-இல் பாரிஸில் கான்கார்ட் விழுந்ததே, ஓடுபாதையில் கிடந்த ஓர் உலோகப் பட்டை டயரைக் கிழித்ததில் தொடங்கியதுதான்.

தோலில் குறையே இல்லை. வட ஆற்காட்டுப் பதம் தெரிகிறது. விரல் காப்பு உலோகமல்லாத வகை, 200 ஜூல் மோதலைத் தாங்கும் தரம், மெட்டல் டிடெக்டர் கத்தாது. ஆனால் கயிறு மாட்டும் மேல் கொக்கிகளை இழுத்துப் பாருங்கள். ரிவெட் ஆடினால் வேண்டாம், கழன்று விழுவதும் ஓடுபாதைக் குப்பையே.

இன்னொன்று, பி.யூ. (பாலியூரிதேன் என்னும் பிளாஸ்டிக்) அடிப்பாகம். காற்றின் ஈரத்தில் அது உள்ளுக்குள்ளேயே சிதையும். பெட்டியில் வருடக்கணக்கில் கிடந்த ஜோடி, போட்டு நடந்ததும் பொடிப்பொடியாக உதிரும். அதனால் தயாரித்த மாதம், வருடம் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எரிபொருள் நிரப்பும் இடத்தில் வேலை என்றால் நிலைமின்சாரத்தைக் கடத்திவிடும் வகைதானா என்று உறுதிசெய்யுங்கள். பள்ளம் குறைந்த நைட்ரைல் ரப்பர் அடியோடு கிடைத்தால் அதையே எடுங்கள்; எண்ணெய்க்கும் வேலூர் வெயிலில் கொதிக்கிற தளத்துக்கும் அது தாங்கும்.