ரொம்ப காலமா காயில்ஓவர் ஓட்டுறவனா சொல்றேன், க்ளிக் எண்ணிக்கையப் பாத்து வாங்காதீங்க

தினமும் ஓட்டுற கார்ல ஹைட், டாம்பிங் (ஸ்பிரிங் ஆட்டத்த ஷாக் அடக்குற அளவு) ரெண்டும் அட்ஜஸ்ட் பண்ற காயில்ஓவர் செட், அதாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேந்த செட், மாட்டி வருஷக்கணக்காச்சு, மழை, புழுதி, குண்டுகுழி, ஃபுல் லோடு எல்லாம் பாத்தாச்சு. புதுசா வாங்க நினைக்கிறவங்க முதல்ல கேக்குறதே "எத்தன க்ளிக் இருக்கு, 16ஆ 32ஆ"ன்னுதான். க்ளிக்னா டாம்பிங் நாப்ப திருப்புறப்ப விழுற ஒவ்வொரு படி. ரோட்டுல ஓடுற காருக்கு அது கடைசியா பாக்க வேண்டிய விஷயங்க. நீங்க ஆசைப்படுற ஹைட்டுக்கு இறக்குனப்புறம் ஷாக்ல எவ்ளோ ட்ராவல் (ராடு உள்ள போய்வர்ற தூரம்) மிச்சம் இருக்கும், அதத்தான் முதல்ல கேக்கணும்.

ஏன்னா ஹைட் அட்ஜஸ்ட்னு சொல்றதுலயே ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு ஸ்பிரிங் உக்காருற சீட்ட மட்டும் மரையில மேல கீழ நகத்துறது, இதுல கார இறக்க இறக்க ஷாக்கோட ராடும் உள்ள போய்க்கிட்டே இருக்கும், பம்ப் ஸ்டாப்புக்கு (ராடு முழுசா உள்ள போய் இடிக்காம தடுக்குற ரப்பர் மாதிரி மெத்து) இருக்குற இடைவெளி குறைஞ்சிடும். இன்னொண்ணு கீழ இருக்குற பிராக்கெட்டே தனியா மரையில சுத்துற மாதிரி வரும், மொத்த நீளமே குறையுறதால ஷாக்கோட ட்ராவல் அப்படியே இருக்கும். நான் எடுத்தது ரெண்டாவது வகை, திரும்ப வாங்குனாலும் அதான் வாங்குவேன். ஆனா இதுலயும் ஒரு கவனம் வேணும், ஷாக்ல ட்ராவல் இருக்குன்னு இஷ்டத்துக்கு இறக்குனா பெரிய பள்ளத்துல டயர் போய் உள் ஃபெண்டர்ல உரசும்.

பம்ப் ஸ்டாப்ப பத்தி யாரும் பெருசா பேசுறதே இல்ல, எனக்கு அதுதான் வருத்தம். ரொம்ப இறக்குன கார் "கல்லு மாதிரி இருக்கு"ன்னு சொல்றவங்க நிறைய பேருக்கு ஸ்பிரிங் ஸ்டிஃப்பா இருக்கறது காரணமே இல்ல, சின்ன மேட்டுக்கே பம்ப் ஸ்டாப்புல போய் உக்காந்துடுது, அங்க போனதும் ஸ்டிஃப்னெஸ் திடீர்னு எகிறும், வளைவுல அது நடந்தா அந்தப் பக்கம் கிரிப்பும் படக்குனு போயிடும்.

நான் ஒரிஜினல் ஹைட்ட விட 25 மி.மீ. மட்டும்தான் இறக்கி வச்சிருக்கேன். முன்னாடி மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்த மேல்பக்கம் பிடிச்சு நிக்கிற அமைப்பு) இருக்குற காருக்கு இது முக்கியம், ஏன்னா பாடி இறங்க இறங்க சக்கரத்த கீழ்ப்பக்கம் பிடிக்கிற லோயர் ஆர்ம் சக்கரத்துப் பக்கம் மேல தூக்கிக்கும், ரோல் சென்டர் (வளைவுல பாடி எந்தப் புள்ளியச் சுத்தி சாயுதோ அது) பாடிய விட வேகமா கீழ போகும், கேம்பரும் (சக்கரம் உள்ளயோ வெளியவோ சாயுற கோணம்) வளைவுல சரியா வராது. அதாவது லுக்குக்காக இன்னும் இன்னும் இறக்குனா கார் வளைவுல கம்மியா சாயும்னு நினைப்போம், ஆனா அந்த இடைவெளி கூடுறதால சாய வைக்கிற விசையே கூடிப்போகும்.

இப்ப க்ளிக்குக்கு வர்றேன். ஒரே நாப் இருக்குற நிறைய செட்டுல அது பெரும்பாலும் ரீபவுண்டத்தான் (அமுங்குன ஷாக் திரும்ப நீளுறப்ப வர்ற டாம்பிங்) மாத்தும், கூடவே கம்ப்ரெஷனும் (அமுங்குறப்ப வர்ற டாம்பிங்) கொஞ்சம் மாறும். கேடபிள்யூ கம்பெனி இத பேர்லயே பிரிச்சு வச்சிருக்காங்க, வேரியன்ட் 1ல ஹைட் மட்டும், 2ல ரீபவுண்டும் சேரும், 3ல ரீபவுண்ட் கம்ப்ரெஷன் ரெண்டும் தனித்தனி. பில்ஸ்டீன்ல பி14க்கு நாபே கிடையாது, அந்த ஸ்பிரிங்குக்கு ஏத்த மாதிரி அவங்களே வால்விங் பண்ணி, அதாவது டாம்பிங்க உள்ளயே செட் பண்ணிக் கொடுத்துடுவாங்க. தெரு ஓட்டத்துக்கு மட்டும்னா அந்த மாதிரி நாப் இல்லாத நல்ல செட்டு, 32 க்ளிக் இருக்குற சுமாரான செட்ட விட எவ்வளவோ மேல். க்ளிக் எத்தன இருந்தாலும் ஆரம்பத்துல கொஞ்ச நாள் திருப்பிப் பாப்போம், அப்புறம் ஒரு இடத்துல செட் ஆயிடும், கை அங்க போகவே போகாது.

நாப் நிஜமாவே உதவுன இடம் ஒண்ணு சொல்றேன். வரிசையா மேடு மேடா வர்ற ரோட்டுல முதல் ரெண்டு மேடு நல்லா போகும், மூணாவது நாலாவதுல பின்னாடி "தடக்"னு அடிக்கும். பாத்தா ஸ்பிரிங் சாஃப்ட்டுன்னுதான் தோணும், ஆனா ரீபவுண்ட் டைட்டா இருந்ததுதான் விஷயம், சக்கரம் முழுசா கீழ திரும்பறதுக்குள்ள அடுத்த மேடு வந்துடுது, ஒவ்வொரு மேட்டுக்கும் பாடி கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கி கடைசில பம்ப் ஸ்டாப்ப தொடுது. பின்னாடி ரெண்டு க்ளிக் சாஃப்ட் பண்ணேன், சத்தம் நின்னுச்சு. எண்ணும்போது எப்பவும் முழு ஹார்ட் வரைக்கும் மெதுவா திருப்பி அங்கேர்ந்து பின்னாடி எண்ணுங்க, சாஃப்ட் பக்கத்துலேர்ந்து எண்ணுனா இடது வலது ஒத்துப் போகாம போக வாய்ப்பு இருக்கு. அதுக்கு முன்னாடி டயர் ப்ரெஷர் பாத்துடுங்க, ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க.

ஸ்பிரிங் ரேட் (ஸ்பிரிங்க ஒரு மி.மீ. அமுக்க எத்தன கிலோ வேணும்ங்கறது) பாக்குறப்ப முன்னாடி 5, பின்னாடி 6 கிலோன்னு போட்டிருந்தா பின்னாடி ரொம்ப ஸ்டிஃப்னு பயப்பட வேணாம். ஸ்பிரிங் சக்கரத்துலேர்ந்து எவ்ளோ உள்ள தள்ளி உக்காருதோ அந்த விகிதத்த ரெண்டு தடவ பெருக்கணும். 0.7னா 0.49, அப்ப அந்த 6 சக்கரத்துல கிட்டத்தட்ட 2.9 தான். முன்னாடி ஸ்ட்ரட்ல அது 0.95 இருந்தா 5க்கு 4.5 கிடைக்கும். அதனால வேற மாடல் காரோட நம்பரப் பாத்து ஆர்டர் பண்ணிடாதீங்க. இன்னொண்ணு, ப்ரீலோட் (மாட்டுறப்பவே ஸ்பிரிங்க அமுக்கி வைக்கிற அளவு) ஏத்துனா கார் ஸ்டிஃப் ஆகும்னு நிறைய பேர் சொல்றாங்க. சாதாரண லீனியர் ஸ்பிரிங்குக்கு அது கிடையாது, வண்டி எடை உக்காந்ததும் ரேட் அதே ரேட்தான்.

ஷாக்கோட மேல்முனைய பாடில பிடிக்கிற டாப் மவுண்ட்ல பில்லோ பால் (உலோக உருண்டை ஜாயின்ட்), ரப்பர்னு ரெண்டு ஆப்ஷன் இருந்தா ரப்பர எடுங்க. பில்லோ பால்ல ஸ்டியரிங் கூர்மையா இருக்கும், உண்மைதான், ஆனா ரோட்டு சத்தம் பூரா உள்ள வரும், புழுதி புகுந்து தேஞ்சா கட கடன்னு ஆரம்பிச்சிடும்.

மாட்டுறப்ப மெக்கானிக் பக்கத்துல நின்னு ஒண்ணு மட்டும் பாருங்க. ஆர்ம் புஷ் போல்ட்ட கார் ஜாக்ல தொங்கும்போதே கடைசி டைட் கொடுத்துட்டா, கீழ இறக்குனதும் ரப்பர் முறுக்குலயே நிக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரத்துல எடை உக்காந்த நிலையிலதான் டைட் பண்ணணும். அப்புறம் வீல் அலைன்மென்ட், கொஞ்ச நாள் ஓடி ஸ்பிரிங் செட்டில் ஆனப்புறம் இன்னொரு தடவ. டயர திங்கறதுல கேம்பர விட டோதான் (மேலேர்ந்து பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கற கோணம்) மோசம். ஹெட்லைட் உயரமும் மாறியிருக்கும், முன் கேமரா ரேடார் இருக்குற கார்னா அதையும் கேலிப்ரேட் பண்ணிடுங்க.

பராமரிப்பு பெருசா இல்ல, மரைய மட்டும் விட்டுடக் கூடாது. மழைக்காலம் முடிஞ்சதும் சக்கரத்த கழட்டி பாத்தீங்கன்னா லாக் ரிங்குக்கு கீழ சேறு காஞ்சு பொருக்கா நிக்கும், அதோட சி ஸ்பானர் போட்டு சுத்துனா அலுமினியம் ரிங் மரை பிஞ்சுடும். நைலான் பிரஷால தண்ணி ஊத்தி கழுவி, காய விட்டு, லேசா ஆன்டி சீஸ் தடவிட்டுதான் நான் திருப்புறேன், இன்னிக்கு வரைக்கும் எல்லா ரிங்கும் ஃப்ரீயா சுத்துது.

ஹைட்டே மாத்தப் போறதில்ல, கார் அலையாம இருந்தா போதும்னா ஒரிஜினல் ஸ்பிரிங்கோட நல்ல ஷாக் நாலு மாட்டுறதே சரி. காயில்ஓவர்தான்னு முடிவு பண்ணவங்க, ஒத்த ஷாக் தனியா கிடைக்குமா, சீல் போனா ரீபில்ட் பண்ணித் தருவாங்களான்னு விக்கிறவங்ககிட்ட பணம் கொடுக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, ஏன்னா ஒரு பக்கம் ஆயில் லீக் ஆனதுக்காக முழு செட்டையும் தூக்கிப் போட்டவங்கள நான் பாத்திருக்கேன்.