கை வீசலா, டார்ச்சா, பஞ்சா, அந்தி நடையா? சின்ன நாயின் பார்வையை வீட்டில் சோதிக்க எது நம்பகம்

ராமநாதபுரம் கரையோரம் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் எந்த ஊரில் கேட்டாலும், நாய்க்குக் கண் தெரிகிறதா என்ற சந்தேகத்துக்கு முதலில் செய்வது ஒன்றுதான். முகத்துக்கு நேரே கையை வீசுவார்கள். நாய் கண்ணைச் சிமிட்டினால் "பார்வை இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். வீட்டில் செய்யக்கூடிய நான்கு சோதனைகளில் இதைத்தான் நான் கடைசியில் வைப்பேன்.

வீட்டு நாயின் பார்வைக் குறை சீக்கிரம் வெளியே தெரியாது. ஸ்பிட்ஸ், பக், டாஷண்ட் மாதிரி சின்ன நாய்களுக்கு வீட்டின் ஒவ்வொரு மூலையும் மனப்பாடம். மூக்கும் காதும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. பாதி நேரம் நாமே தூக்கிக்கொண்டு திரிகிறோம். அதனால் சின்னச் சின்ன மாற்றங்களைத்தான் கவனிக்க வேண்டும். கட்டிலிலிருந்து குதிக்கத் தயங்கும். ராத்திரி மூத்திரம் போக வாசலில் இறங்காது. சுவரை ஒட்டியே நடக்கும். தூக்கிப் போட்ட பிஸ்கட்டை வாயில் பிடிக்காமல் தவறவிட்டுத் தரையில் மோந்து தேடும். தொட்டால் திடுக்கிடும். இதில் ஒன்றிரண்டு தெரிந்தாலே சோதித்துப் பார்த்துவிடலாம்.

கை வீசலில் உள்ள கோளாறு காற்றுதான். கை வேகமாக வரும்போது அதன் காற்று கருவிழியில் பட்டாலோ மீசை முடியில் விரல் உரசினாலோ பார்வையே இல்லாத நாயும் சிமிட்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வாசலில் வைத்துச் செய்தால் எதற்குச் சிமிட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. குட்டிகளுக்கு மூன்று மாதம் வரை இந்தச் சிமிட்டல் முழுதாக வந்திருக்காது, அதனால் குட்டி சிமிட்டவில்லை என்று பயப்படவும் வேண்டாம். செய்துதான் ஆக வேண்டும் என்றால் வீட்டுக்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, நாயின் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் மூடியை முன்னால் பிடித்து அதற்குப் பின்னால் கையை அசைக்கலாம்.

டார்ச் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கினால் பார்வை இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. கண்புரை முற்றி எதுவும் தெரியாத நாய்க்கும் கண்மணி ஒழுங்காகச் சுருங்கும். மூளையில் கோளாறு வந்து பார்வை போன நாய்க்கும் சுருங்கலாம். ஆனால் டார்ச்சால் வேறொரு பலன் உண்டு. ஏழெட்டு வயதுக்கு மேல் பல நாய்களுக்குக் கண்ணுக்குள் நீலச் சாம்பல் மங்கல் தெரியும், வீட்டில் எல்லோரும் "புரை விழுந்துடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் அது வயதால் கண்ணுக்குள் இருக்கும் வில்லை (லென்ஸ்) இறுகியதுதான், பார்வை பெரிதாகக் கெடாது. மங்கலான அறையில், நம் கண்ணுக்குப் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கை தூரத்திலிருந்து பாருங்கள். ராத்திரி சாலையில் நாயின் கண் மினுங்குமே, அந்த மினுக்கம் மங்கலைத் தாண்டி வெளியே வந்தால் வயது மங்கலாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையாக ஒரு திட்டு அதை மறைத்தால் கண்புரை என்று சந்தேகிக்கலாம். அந்த நாய் நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி மூத்திரம் போய், மெலிந்தும் வந்தால் உடனே சர்க்கரை பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் வந்த நாய்க்குக் கண்புரை வெகு வேகமாக முற்றும்.

பஞ்சுச் சோதனை எளிது, நேர்மையானதும்கூட. பஞ்சு விழும்போது சத்தம் வராது, வாசனையும் கிடையாது. ஒருவர் நாயை மடியில் வைத்து ஒரு கண்ணை மெதுவாகப் பொத்திக்கொள்ள, இன்னொருவர் மேலிருந்து சின்ன உருண்டையைப் போட வேண்டும். நாய் தலையைத் திருப்பிப் பின்தொடர்கிறதா என்று பார்க்கலாம். இரண்டு மூன்று தடவைக்கு மேல் போட்டால் நாய்க்குச் சலித்துவிடும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. பஞ்சுக்குப் பதிலாகக் கருவாட்டுத் துண்டைப் போட்டுப் பார்த்தால் சோதிப்பது மூக்கைத்தான்.

ஒற்றைக் கண் குறையைப் பிடிக்க இதைவிட நல்ல வழி வீட்டில் இல்லை. பாம்பனில் எங்கள் அத்தை வீட்டு ஸ்பிட்ஸுக்கு இதைச் செய்தபோது, இடக் கண்ணைப் பொத்திப் போட்ட பஞ்சை மூக்கு தரையைத் தொடும் வரை குனிந்து பார்த்தது. வலக் கண்ணைப் பொத்திவிட்டுப் போட்டபோது பஞ்சு அதன் முன்னங்காலிலேயே வந்து விழுந்தது. காதுகூட அசையவில்லை. அத்தை நம்பவில்லை. "ஏம்ப்பா, காலையில காக்காயை வெரட்டிக்கிட்டு ஓடுனானே" என்றார். காக்காயை விரட்ட ஒரு கண் போதும். பிறகு மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உண்ணிக் காய்ச்சல் இருந்தது. அது கண்ணுக்குள்ளும் அழற்சியை உண்டாக்கும். பஞ்சு குறையைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது.

என் முதல் தேர்வு அந்தி நடை. நாய் பழகிய அறையிலோ திண்ணையிலோ தலையணை, அட்டைப்பெட்டி, கவிழ்த்த வாளி என்று மெத்தென்றோ லேசாகவோ உள்ள பொருள்களை வழியில் வையுங்கள். மீன் வாடை ஏறிய ஐஸ் பெட்டியும் வலைக் குவியலும் வேண்டாம், மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். எதிர் மூலையிலிருந்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். முதலில் பகலில் நடக்கவிடுங்கள். பிறகு பொருள்களை இடம் மாற்றி, பொழுது சாய்ந்ததும் விளக்கை அணைத்து, வெளியிலிருந்து வரும் லேசான வெளிச்சத்தில் நடக்கவிடுங்கள். கும்மிருட்டு கூடாது, நல்ல கண் உள்ள நாய்க்கும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும்.

பகலில் சரளமாக நடந்த நாய் அந்தியில் முட்டினாலோ, காலை நீட்டி நீட்டித் தடவி நடந்தாலோ, நின்றுவிட்டாலோ விழித்திரை மெல்லத் தேய்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். பூடில், காக்கர் ஸ்பானியல், டாஷண்ட் போன்ற இனங்களில் பரம்பரையாக வருவது இது. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் செல்கள்தான் பெரும்பாலும் முதலில் போகும். கண் சிவக்காது, வலிக்காது. தொடக்கத்தில் கை வீசல், டார்ச், பஞ்சு மூன்றிலும் அந்த நாய் தேறிவிடலாம். நம் கடற்கரையில் பகலெல்லாம் மணலும் தண்ணீரும் கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சம் தருவதால் குறை இன்னும் நாள்கணக்கில் ஒளிந்திருக்கும். இதைக் குணமாக்க மருந்து இல்லைதான். ஆனால் முன்னமே தெரிந்தால் கிணற்று மேட்டுக்கும் மாடிப்படிக்கும் தடுப்புப் போட்டு, "படி", "நில்" என்ற சொற்களையும் பழக்கிவிடலாம். அந்தி நடைக்கும் குறை உண்டு: மூட்டு வலி உள்ள கிழ நாயும் தயங்கும், ஒற்றைக் கண் குறை இதில் சிக்காது. அதனால்தான் கூடவே பஞ்சும் வேண்டும்.

சில நேரம் இந்த நான்கும் வேண்டாம். கண் சிவந்து, பாதி மூடி, நீர் வடிந்து, கருவிழி நீலம் பூத்திருந்தால், கண் பிதுங்கியிருந்தால், திடீரென்று பார்வை போயிருந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணழுத்த நோயாக இருந்தால் ஓரிரு நாளிலேயே பார்வை திரும்பாமல் போய்விடும். சீமைக்கருவேல முள்ளும் பறக்கும் மணலும் இங்கே எங்கும் உண்டு, பக் மாதிரி கண் துருத்திய நாய்க்குக் கருவிழியில் புண் சுலபமாக வரும். அந்த நேரத்தில் மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆழமாகிக் கண் ஓட்டையாகிவிடலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். நாய் கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொண்டு கொண்டுபோனால் போதும்.

மருத்துவமனைச் சோதனை விடை சொல்வது வேறு கேள்விகளுக்கு. சாயச் சொட்டு புண்ணைக் காட்டும். கண்ணீர் போதுமா என்று பார்க்க இமையில் வைக்கும் கண்ணீர்த் தாள் ஒரு நிமிடத்தில் 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் சாதாரணம். சர்க்கரையும் உண்ணிக் காய்ச்சலும் ரத்தத்தில் தெரிந்துவிடும். இவற்றை ராமநாதபுரத்திலேயோ மதுரையிலேயோ முடித்துக்கொள்ளலாம். கண்புரை அறுவை சிகிச்சை வரைக்கும் போவதானால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். அறுவைக்கு முன் விழித்திரை வேலை செய்கிறதா என்று மின்பதிவு எடுத்துப் பார்ப்பார்கள். விழித்திரை தேய்ந்த நாய்க்குப் புரையை எடுத்தும் பயன் இருக்காது. எங்கே போனாலும் அந்தி நடையைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், பகலில் நடந்ததையும் சேர்த்து. புது இடத்தில் மேசை மேல் நடுங்கி நிற்கும் நாயை வைத்து, அது வீட்டில் எப்படி நடக்கிறது என்று மருத்துவரால் பார்க்க முடியாது.