நடுக்கடலில் டாக்டரைக் கூப்பிட: வி.எச்.எஃப்பா, எச்.எஃப்பா, சாட்டிலைட் போனா?

லீவில் கோத்தகிரி வந்தால் மச்சான் கேட்காமல் விடமாட்டார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், பேஷண்டோடு மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அவருக்கே வியர்த்துவிடும். “நடுக்கடல்ல ஒருத்தனுக்கு நெஞ்சு வலின்னா என்ன மாப்ள பண்ணுவீங்க?” நூறு பேருக்குக் குறைவான சரக்குக் கப்பலில் டாக்டர் இருக்கவேண்டும் என்ற விதியே கிடையாது, எங்கள் கப்பலில் மருந்து அலமாரி சாவி செகண்ட் ஆபீசரான என்னிடம்தான்.

கரைக்கு 20, 25 கடல் மைலுக்குள் இருந்தால் எனக்கு வி.எச்.எஃப் என்ற குறுந்தூர ரேடியோதான் முதலில். சேனல் 16, அவசரம் என்று சொல்லும் ‘பான் பான்’ மூன்று முறை, அப்புறம் விஷயம். இந்த அலை நேர்கோட்டில் போவது, தொட்டபெட்டா உச்சியில் நின்றால் எங்கெங்கோ எட்டும், கடலிலோ பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆனால் பக்கத்துக் கப்பல், கோஸ்ட் கார்டு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும், அதில் யாராவது படகோடு வரலாம். எல்லோருக்கும் கேட்கும் என்பதால் நோயாளி பெயரை மட்டும் சொல்லமாட்டேன். மொபைல் சிக்னல் இருந்தால் கோஸ்ட் கார்டின் 1554 இன்னும் சுலபம்.

எச்.எஃப் என்ற நெடுந்தூர ரேடியோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும், சரி, ஆனால் பகலுக்கு ஒரு அலைவரிசை, ராத்திரிக்கு ஒன்று, நடுவில் கொரகொரவென்று சத்தம். ‘ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா’ என்று மாத்திரை அளவை இரண்டு தடவை கேட்கவேண்டி வரும். மற்றவை வேலை செய்யாவிட்டால் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

தூரக்கடலில் சாட்டிலைட் போன்தான். இன்மார்சாட் என்ற கப்பல் சாட்டிலைட் சேவையில் மருத்துவ ஆலோசனைக்கு அழுத்தவேண்டிய எண் 32, ஆளை இறக்கவேண்டும் என்றால் 38. ரோமில் 1935 முதல் இயங்கும் சிஐஆர்எம் என்ற மருத்துவ ஆலோசனை மையம் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. ரேடியோவில் பட்டனை அழுத்திப் பேசும்போது எதிராளி குறுக்கே பேசமுடியாது, இதில் முடியும். ஒருமுறை எங்கள் ஆயிலருக்கு, அதாவது எஞ்சின் ரூம் ஊழியருக்கு, வயிற்று வலி. “வலது பக்கம் கீழே அழுத்துங்க, சட்டுனு கையை எடுங்க, எப்ப அதிகமா வலிக்குது?” கையை எடுக்கும்போதுதான் அவர் துடித்தார், அந்த ‘ஐயோ’ டாக்டருக்கே கேட்டது. காயம் என்றால் போட்டோவும் அனுப்பலாம். ஒரே குறை, அந்த ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் கேட்காது. சொந்தமாக ஒன்று வாங்கிப் பையில் போட்டு இந்தியாவுக்குள் வந்துவிடாதீர்கள், அனுமதியில்லாமல் வைத்திருந்தால் வழக்கு.

எதில் கூப்பிட்டாலும் நாடித்துடிப்பு, பிரஷர், காய்ச்சல், வலி தொடங்கிய நேரம், கொடுத்த மருந்து, கப்பல் நிற்கும் இடம் எல்லாம் தாளில் எழுதிக்கொண்டுதான் கூப்பிடுவேன்.