வாட்டர் சாஃப்ட்னர்: எதை மாற்றணும், எப்போ மாற்றணும் (பல வருஷ அனுபவம்)

வீட்டு வாட்டர் சாஃப்ட்னர் ஒருநாள் திடீரென்று நின்றுபோகிற சாமான் இல்லை. மோட்டார் எரிந்தால் வாசனையிலேயே தெரியும், பல்பு போனால் இருட்டு. இது அப்படிக் கிடையாது. டிஸ்ப்ளேயில் நேரம் ஓடும், நடுராத்திரி ரீஜெனரேஷன் (உப்புக் கரைசலால் தன்னைத் தானே கழுவிப் புதுப்பித்துக்கொள்வது) சத்தம் வழக்கம்போலக் கேட்கும், எல்லாம் ஒழுங்காக நடக்கிற மாதிரியே காட்டிக்கொண்டு, குழாயில் மட்டும் பழையபடி கடினத் தண்ணீரை அனுப்பிக்கொண்டிருக்கும். சோப்பு நுரைக்கவில்லையே, கண்ணாடியில் வெள்ளைத் திட்டு வருகிறதே என்று நமக்கு உறைப்பதற்குள் கீசர் காயிலில் ஒரு அடுக்கு படிந்திருக்கும்.

நான் ஒரே மெஷினைப் பத்து வருஷத்துக்கும் மேலாக ஓட்டினேன். நடுவில் சீல் செட் மாற்றினேன், அப்புறம் ரெசின் மாற்றினேன், கடைசியில் மெஷினையே மாற்றிவிட்டேன். இத்தனைக்கும் ரொம்ப முன்னாடியே ஒரு சர்வீஸ் ஆள் வந்து, மூடியைக்கூடத் திறக்காமல், "இது முடிஞ்சுபோச்சு சார், புதுசு போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முடிந்திருந்தது ஒரு ரப்பர் சீல் மட்டும்தான்.

சாஃப்ட்னர் என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று பொருள். ரெசின் (தண்ணீரை மென்மையாக்குகிற சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள்) நிரப்பிய டேங்க், அதன் தலையில் உட்கார்ந்திருக்கிற வால்வு ஹெட், பக்கத்தில் உப்புத் தொட்டி. மூன்றுக்கும் ஆயுள் வேறு, கெட்டுப்போகிற விதமும் வேறு. எது போயிருக்கிறது என்று தெரியாமல் மொத்தத்தையும் மாற்றுவது வீண் செலவு.

முதலில் அளக்க வேண்டும். டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கிற மொத்த உப்புகளைக் காட்டுவது) முக்கிப் பார்த்து "சாஃப்ட்னர் வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த மீட்டர் இதைச் சொல்லவே சொல்லாது. ரெசின், தண்ணீரைக் கடினமாக்குகிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகிறது. 20 கிராம் கால்சியம் போனால் 23 கிராம் சோடியம் வரும், அப்புறம் டிடிஎஸ் எப்படிக் குறையும்? வேண்டியது கடினத்தன்மை பார்க்கிற சொட்டு டெஸ்ட் கிட். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து நிறக்காட்டியைப் போட்டால், கடினத்தன்மை இருக்கிற தண்ணீர் சிவந்துவிடும். அடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனையாவது சொட்டில் நீலமாகிறது என்று எண்ண வேண்டும். நல்ல சாஃப்ட்னரில் எண்ணவே வேண்டியிருக்காது, நிறக்காட்டி விழுந்ததுமே நீலம்.

இதை ஒரு தடவை செய்து பிரயோஜனமில்லை. ரீஜெனரேஷன் முடிந்த மறுநாள் காலையில் ஒரு தடவை, அடுத்த ரீஜெனரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை. பாதிக்கு மேல் நோய் இந்த இரண்டு அளவில் பிடிபட்டுவிடும். காலையில் நன்றாக இருந்து, அடுத்த ரீஜெனரேஷன் வருவதற்கு முன்னாலேயே கடினமாகிவிட்டால் ரெசினின் கொள்ளளவு குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே வருகிற தண்ணீரே முன்பைவிடக் கடினமாகிவிட்டது (நிலத்தடி நீர் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் உள்ளே வருவதையும் கூடவே அளக்கணும்). ரீஜெனரேஷன் முடிந்த கையோடு பார்த்தாலும் கடினம் என்றால் உப்புக் கரைசல் ரெசினுக்குப் போய்ச் சேரவில்லை. கடினத்தன்மை ரொம்ப அதிகமும் இல்லை, ஆனால் எப்போது பார்த்தாலும் கொஞ்சம் இருக்கிறது என்றால், கடினத் தண்ணீர் எங்கேயோ கலக்கிறது: பைபாஸ் வால்வு (சாஃப்ட்னருக்குள் போகாமல் தண்ணீரை நேராக வீட்டுக்கு விடுவது) முழுசாக மூடவில்லை, இல்லாவிட்டால் டேங்க் நடுக்குழாயின் தலையில் இருக்கிற ஓ-ரிங் போய்விட்டது. பிளம்பர் வேறு எதற்கோ வந்து பைபாஸைத் திருப்பிவிட்டு மறந்துபோவது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான்.

உப்பு சரியாகப் போகிறதா என்பதற்கு எளிய அடையாளம், தொட்டியில் உப்பு குறைய வேண்டும். மாசக்கணக்கில் அதே மட்டம் என்றால் சந்தோஷப்படாதீர்கள். மேலே உப்பு பாறையாக இறுகி, அடியில் வெற்றிடமாக இருக்கும். தண்ணீர் கீழே நிற்கும், உப்பைத் தொடவே தொடாது. துடைப்பக் கட்டையின் பின்பக்கத்தால் மெதுவாகக் குத்தினால் 'டொப்'பென்று இறங்கும், அவ்வளவுதான் வைத்தியம். தொட்டிச் சுவரில் இடிக்காமல் நடுவில் குத்துங்கள். உப்பு கரைந்தும் உறிஞ்சப்படவில்லை, தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் இன்ஜெக்டரைப் பாருங்கள், கூடவே டிரெயின் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜெக்டர் என்பது வால்வு ஹெட்டின் பக்கவாட்டில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் துண்டு. அதன் ஓட்டை ஊசி முனை அளவுதான், ஒரே ஒரு மணல் துகள் போதும் அடைக்க. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிசானால் உறிஞ்சும் விசை போய்விடும். வெந்நீரில் ஊறப்போட்டு ஊதினாலே வந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் கடினம் என்றால்தான் ரெசின் பேச்சு. ரெசின் நல்ல தண்ணீரில் 10 முதல் 15 வருஷம் தாங்கும் என்பார்கள். அந்தக் கணக்கை நம்பி உட்கார வேண்டாம், அதைத் தின்கிற எதிரிகள் இரண்டு பேர், குளோரினும் இரும்பும். குளோரின் மணிகளை உள்ளிருந்து தளர்த்திவிடும். மணி உப்பி, மெத்தென்று ஆகி, நெருக்கிக்கொண்டு தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும். ஷவரில் அழுத்தம் குறைந்து, பைபாஸில் போட்டால் மட்டும் வேகம் வருகிறது என்றால் இதுதான் என் முதல் சந்தேகம். இரும்பு வேறு மாதிரி, மணியின் மேல் பழுப்பாகப் பூசிக்கொண்டு வழியை அடைக்கும். இரும்பால் வந்தது என்றால் மாற்றுவதற்கு முன்னால் ரெசின் கிளீனர் போட்டுப் பாருங்கள், ஓரளவு மீளும். குளோரின் தின்றதை மீட்க எந்த மருந்தும் கிடையாது.

என் பழைய ரெசினைக் கையில் எடுத்துப் பார்த்தேன். புதுசு தேன் நிறத்தில் கண்ணாடி போல உருண்டையாக இருக்கும், விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் நழுவி ஓடும், உடையாது. பழசில் பாதி மங்கலாகி, லேசாக அழுத்தினதுமே பிசுக்கென்று நசுங்கியது. இந்த விரல் பரிசோதனையைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்க்கவில்லை. சமையலறைக் குழாய் முனையில் இருக்கிற வலையைக் கழற்றினால் சில சமயம் இதே மணிகள் கிடைக்கும். மணல் என்று நினைத்துத் தட்டிவிடாதீர்கள், மணலுக்கு முனை இருக்கும், இது உருண்டை. மணிகள் முழுசாக வந்தால் டேங்க் அடியில் இருக்கிற வடிகட்டிக் கூடை உடைந்திருக்கிறது, தூளாக வந்தால் ரெசினே நொறுங்குகிறது.

கொள்ளளவைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். வீடுகளில் ரீஜெனரேஷனுக்கு வழக்கமாகப் போகிற உப்பு அளவில் ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் கடினத்தன்மையை, கால்சியம் கார்பனேட் கணக்கில், பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் என்றால் 1,250 கிராம். தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்றால், 3,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே போன பிறகுதான் ரீஜெனரேஷன் தேவைப்பட வேண்டும். வருஷா வருஷம் இது கொஞ்சம் இறங்குவது சகஜம். பாதிக்கு வந்துவிட்டால் ரெசின் மாற்றும் நேரம் வந்துவிட்டது. உப்பு அளவைக் கூட்டிக் கூட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு, ஆனால் மிச்சம் பிடித்தது எல்லாம் உப்பு வாங்கியே போய்விடும்.

வால்வு ஹெட் கெட்டால் தெரிவது டிரெயின் குழாயில். ரீஜெனரேஷன் இல்லாத நேரத்திலும் சொட்டிக்கொண்டே இருக்கிறதா? பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல்கள் தேய்ந்திருக்கும். ஸ்பேர் கிடைக்கிற வரைக்கும் சீல் செட் போட்டு ஓட்டலாம், நான் அப்படித்தான் பல வருஷம் ஓட்டினேன்.

அப்படியானால் முழு மெஷினையும் எப்போது மாற்றுவது? என் கணக்கில் காரணம் ரொம்பக் கொஞ்சம்தான். வால்வு உடம்பே விரிசல் விட்டு, அந்த மாடலுக்கு ஸ்பேர் வருவதும் நின்றுபோனால் (என்னுடையது இப்படித்தான் போனது). டேங்க் கசிந்தால். வீட்டில் ஆள் கூடி, பழைய அளவு மெஷின் தினமும் ரீஜெனரேஷன் கேட்டால். இன்னொன்று, ஹெட் நாள் கணக்கில் ஓடுகிற பழைய டைமராக இருந்தால். அது நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் உப்பைக் கரைத்து சாக்கடையில் விடும். மீட்டர் வைத்த ஹெட் லிட்டர் கணக்கில் ஓடுவதால், எனக்கு உப்பு மூட்டை தூக்குகிற வேலை கண்கூடாகக் குறைந்தது. உப்பே வேண்டாம் என்று விற்கிற கண்டிஷனர்களும் இருக்கின்றன; அவை படிவைக் குறைக்கலாமே தவிர கடினத்தன்மையை எடுப்பதில்லை, சொட்டு டெஸ்டில் எண்ணிக்கை மாறாது. சாஃப்ட்னருக்குப் பதில் என்று அதை வாங்காதீர்கள்.

புதுசு போடும்போதோ ரெசின் மட்டும் மாற்றும்போதோ பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் தண்ணீரில் குளோரின் இருந்தால் சாதாரண 8 சதவீதக் குறுக்குப் பிணைப்பு (கிராஸ்லிங்க்) ரெசினுக்குப் பதில் 10 சதவீதம் கேளுங்கள், அது குளோரினைக் கூடுதலாகத் தாங்கும். கழுவும்போது மணிகள் மேலெழும்ப இடம் வேண்டும் என்பதால் டேங்கை முழுசாக நிரப்ப மாட்டார்கள், அதைச் சாக்காக வைத்துக் குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. டேங்க் சாயம் போடாத ஃபைபர் என்றால் அறையை இருட்டாக்கி, பின்னால் டார்ச் பிடித்துப் பாருங்கள், ரெசின் இருக்கிற வரை நிழலாகத் தெரியும். அந்த மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், பின்னால் ரெசின் வெளியே போகிறதா இல்லையா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.